முடியாது, முடியலை

உமையாளுக்கு அநியாயம் செய்தது வெளியாள் இல்லை. அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி ரெஜினாவேதான்.

நான்கு வருடம் உழைத்து, ஒரு கணக்கைக் குவாண்டம் கணினியில் மூன்றே நிமிடத்தில் முடித்திருந்தாள் உமையாள். கருத்தரங்கில் துறையே கூடியிருக்க, "சாதாரணக் கணினிக்கு நானூறு வருஷம் ஆகும். அதால முடியாது" என்றாள்.

ரெஜினா எழுந்தார்.

"முடிஞ்சுதே. நம்ம துறையோட பழைய கணினிகள்ல, பதினோரு நாள்ல."

எல்லோரும் சிரித்தார்கள். சொந்த மாணவியின் காலை இப்படியா வாருவது?

உமையாள் நேராக அவர் அறைக்குப் போனாள். ரெஜினா புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வா. சண்டைக்குத்தானே? உட்கார்ந்தே போடு."

"மூணு நிமிஷம் எங்கே, பதினோரு நாள் எங்கே மேடம்? இப்பவும் என் எந்திரம்தானே வேகம்?"

"வேகம்தான். யார் இல்லைன்னது?"

"அப்புறம் ஏன் எழுந்தீங்க?"

"'முடியலை'ன்னு சொல்லியிருந்தா உட்கார்ந்திருப்பேன். நீ 'முடியாது'ன்னே."

"ஒரு வார்த்தைக்கா இவ்வளவு?"

"ஒரு வார்த்தைக்குத்தான்."

"தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே!"

"நீ தனியாவா சொன்னே?"

உமையாள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"வேற எதாலயும் ஆகாத ஒண்ணை, ஒரே ஒரு தடவை, இது செஞ்சு காட்டிடாதான்னு நாலு வருஷமா ஏங்கினேன் மேடம். உங்களுக்கு அது எங்கே புரியப் போகுது? நீங்க சாதாரணக் கணினிப் பக்கத்து ஆளு."

ரெஜினா கையைக் கழுவிவிட்டு வந்தார். மேசையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவள் முன் தள்ளினார்.

எட்டு மாதத் தேதிகள். அந்தக் கணக்கைச் சாதாரணக் கணினியில் போட்டுப் பார்த்த ஒவ்வொரு வழியும் அதில் இருந்தது. முதல் வழி, தோல்வி. இரண்டாவது, தோல்வி. முப்பத்தொன்பது வரை தோல்விதான்.

ஒவ்வொரு தோல்விக்கும் பக்கத்தில், பென்சிலில், ஒரே சொல்.

"அப்பாடா."

உமையாள் பக்கத்தைப் புரட்டினாள். நாற்பதாவது வழி. பதினோரு நாள். விடை சரி.

அதன் அருகே பென்சில் எழுத்து ஒன்றும் இல்லை.

"இங்கே எதுவும் எழுதலையே, மேடம்?"

"என்னத்தை எழுதறது? அன்னைக்கு நான் ஜெயிச்சுட்டேன்."