பக்கத்துக் கல்வம்

மலையடிவாரத்தில் உலகம்மாளின் வைத்தியசாலை இருந்தது. அவளிடம் இரண்டு சீடர்கள். திருமேனி வந்து ஐந்து வருடமாகிறது. பூதலிங்கம் போன தை மாதம் வந்தவன்.

நாடி பார்க்க ஒருவனுக்குத்தான் சொல்லித்தருவேன் என்று அவள் சொல்லியிருந்தாள். நேற்று இருவர் முன்னாலும் மருந்தரைக்கும் கல்வம் ஒவ்வொன்று வைத்தாள். மருந்துச் சாம்பலான பற்பத்தை இலைச்சாறு விட்டு அரைக்க வேண்டும். சாறு காயக் கூடாது. தொட்டால் விரல் ரேகைக்குள் ஏற வேண்டும். சாயங்காலம் இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு, பூதலிங்கத்தை மறுநாளிலிருந்து பாடத்துக்கு வரச் சொன்னாள்.

விடிந்ததும் திருமேனி அவள் முன்னால் போய் நின்றான்.

"அஞ்சு வருஷமா இந்த வாசலைத் தூத்திருக்கேன் அம்மா. அவனுக்கு இன்னும் துளசிக்கும் நாய்த்துளசிக்கும் வித்தியாசம் தெரியாது."

"மூக்கு இருக்கில்ல, தெரிஞ்சுக்குவான். நேத்து எப்படி அரைச்சான்?"

"வேற ஒரு வேலையும் பார்க்கலை. மாடு அவுத்துக்கிட்டு ஓடுச்சு, பிள்ளையாரு மாதிரி உட்கார்ந்திருந்தான். நான்தான் பிடிச்சுக் கட்டினேன். ஆளுங்க வந்தாங்க, நிமிரலை. நான்தான் தண்ணி கொடுத்தேன்."

"கை ஓய்ஞ்சுதா?"

"ரெண்டு தடவை. கண்ணுல சாறு தெறிச்சப்போ ஒண்ணு. உச்சி வேளையில தண்ணி குடிக்க ஒண்ணு. மூணு தரம் இடது கைக்கு மாத்தினான். பதினோரு தடவை சாறு விட்டான்."

"நீ எத்தனை தடவை விட்டே?"

திருமேனி யோசித்தான். தெரியவில்லை.

"உன் கல்வத்துல சாறு எப்போ காய்ஞ்சுது?"

அதுவும் தெரியவில்லை.

உலகம்மாள் திட்டவில்லை. இடது கையை அவன் பக்கம் நீட்டினாள்.

"சரி, உனக்கும் சொல்லித்தரேன். மூணு விரலையும் வை. என்ன தெரியுதுன்னு சொல்லு."

அவனால் நம்ப முடியவில்லை. விரல்களை அவள் மணிக்கட்டில் வைத்தான். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு நடுவிரலுக்கடியில் மெல்ல ஒரு துடிப்பு. இன்னொன்று.

முற்றத்தில் பேச்சுக் குரல் கேட்டது. "உங்க கை ராசியான கை தம்பி" என்றாள் ஒரு பெண். பூதலிங்கம் சிரித்தான்.

"என்ன தெரியுது?" என்றாள் உலகம்மாள்.

"யாரும்மா அது? அவன் எந்த மருந்தை எடுத்துக் கொடுத்தான்?"

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. விரல்கள் இன்னும் மணிக்கட்டில்தான் இருந்தன.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"போய்க் கேட்டுட்டு வா. நான் காத்திருப்பேன். நான் ஒண்ணும் நோயாளி இல்லையே."