ஒன்பது நிமிடக் காற்று

ஆய்வு மாணவராகச் சேர்ந்தபோது திரவியத்துக்கு ஐம்பது வயது. வழிகாட்டியான பேராசிரியை மெகருன்னிசா அவரைவிட எட்டு வயது இளையவர். இருபத்தாறு வருடம் இரும்பாலையில் உலை பார்த்துவிட்டு வந்தவர் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

விண்கலத்துக்கு மின்சாரம் தரப்போகும் அணு உலைக்காக நையோபியம் கலந்த ஓர் உலோகத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். காற்றை உறிஞ்சி எடுத்த சூளைக்குள் மெல்லிய கம்பி ஒன்றை எடை கட்டித் தொங்கவிட்டு, ஆயிரத்து இருநூறு டிகிரியில் அது எவ்வளவு நீள்கிறது என்று தினமும் குறிக்க வேண்டும். பதினோரு மாதம் குறித்தாயிற்று. இன்னும் ஒரு மாதம் தாங்கினால் உலோகம் தேறிவிடும். திரவியத்தின் பட்டமும் கைக்கு வந்துவிடும்.

அப்போதுதான் குழாய் இணைப்பு ஒன்று தளர்ந்து, ஒன்பது நிமிடம் சூளைக்குள் காற்று கசிந்தது. அவர் மட்டும்தான் அங்கே இருந்தார். இணைப்பை இறுக்கிவிட்டுக் கம்பியைக் கவனித்தார். அறுந்துபோகவில்லை. சொல்லப்போனால், அதன்பிறகு முன்னைவிடக் குறைவாகவே நீண்டது.

மூன்று நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் அவரே மெகருன்னிசாவிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

"கம்பி முன்னைவிட உறுதியாத்தான் இருக்கு மேடம். அந்த ஒன்பது நிமிஷத்தை எழுதித்தான் ஆகணுமா?"

மெகருன்னிசா திட்டவில்லை. எழுந்து வந்து சூளையை அணைத்தார்.

மறுநாள் மதியம் சூளை ஆறியதும் கம்பியைக் கழற்றித் திரவியத்தின் கையில் கொடுத்தார்.

"வளைச்சுப் பாருங்க."

நல்ல கம்பியென்றால் வளைந்து கொடுக்கும். இது லேசாக அழுத்தியதுமே சாக்பீஸ் மாதிரி முறிந்தது. கசிவுக்குப் பிறகு அதிகம் நீளாமல் நின்றது உலோகத்தின் உறுதியால் அல்ல, அது குடித்த காற்றால் இறுகிப்போனதால்தான் என்று திரவியத்துக்குப் புரிந்தது. இரண்டு துண்டுகளையும் மேசைமேல் வைத்தார்.

மெகருன்னிசா அலமாரியிலிருந்து புதுக் கம்பி ஒன்றை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்ததை அன்றுதான் திரவியம் கவனித்தார்.

"மறுபடி முதல்லேருந்தா மேடம்? உங்களுக்கு அலுப்பா இல்லையா?"

"அலுப்பாத்தான் இருக்கு. அந்த ஸ்பேனரை எடுங்க."