இருபது டிகிரி தப்பு

"டீச்சர், குருஸை நான் கொன்னுட்டேன்."

வட துருவத்துப் பனிமேல் போட்டிருந்த கூடாரத்தின் வாசலில் நின்று தஸ்நேவிஸ் சொன்னார்.

குருஸ் அவர்களுடைய ஆய்வுக் குழுவின் சமையல்காரன். வயிற்று வலியில் உள்ளே சுருண்டு கிடந்தான். அவர்கள் வந்த கப்பலிலிருந்து ஹெலிகாப்டரை வரச் சொல்லியாயிற்று. ரேடியோவில் இடத்தைச் சொன்னவர் தஸ்நேவிஸ்.

தூத்துக்குடிக்காரர். தலை நரைக்கும்வரை கடலில் இருந்தவர். துருவத்தில் வழி பார்க்க, தன் மகள் வயதுள்ள தமயந்தியிடம் இப்போதுதான் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"தீர்க்கக்கோட்டைத் தப்பாச் சொல்லிட்டேன். இருபது டிகிரி. திருத்திச் சொல்லலாம்னா ரேடியோ செத்துக் கிடக்கு."

"அட்சக்கோடு?"

"அது சரிதான். ஆனா இருபது டிகிரி டீச்சர்! தூத்துக்குடியில கிளம்பினவன் தாய்லாந்துல போய் நிப்பான்."

உட்கார்ந்தார். எழுந்தார். வானத்தைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"துருவம் எங்க இருக்கு?" என்றாள் தமயந்தி.

"அந்தா, கூப்பிடு தூரத்துல."

"தீர்க்கக்கோடெல்லாம் எங்க போய்ச் சேருது?"

"துருவத்துலதான். அதெல்லாம் படிச்சாச்சு. இப்ப பாடம் நடத்துற நேரமா?"

தமயந்தி ஒரு சிவப்புக் கொடியையும் ஜிபிஎஸ் கருவியையும் அவர் கையில் திணித்தாள்.

"நீங்க தப்பாச் சொன்ன இடத்துல இதை நட்டுட்டு வாங்க."

"நடந்தா?"

"நடந்துதான்."

அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் சும்மா உட்கார முடியாத கால்கள் கிளம்பிவிட்டன.

துருவத்தை விட்டு விலகாமலும் அதை நெருங்காமலும், வளைந்து நடந்தார். ஏழெட்டு அடி வைப்பதற்குள் ஒரு டிகிரி ஓடிவிட்டது. இன்னொன்று. இன்னொன்று. கருவியைத் தட்டிப் பார்த்தார். அது சரியாகத்தான் இருந்தது.

மூச்சு வாங்குவதற்கு முன்பே இருபது வந்துவிட்டது.

நின்று திரும்பினார்.

கூடாரம் அந்தா நின்றது. தமயந்தி அதன் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே குருஸின் குரல்கூடக் கேட்டது.

முனகலில்லை. கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே... தஸ்நேவிஸ் அண்ணே..."

எப்போதிலிருந்து கூப்பிடுகிறானோ.

கொடியைப் போட்டுவிட்டு ஓடினார். வழுக்கி விழுந்து எழுந்து ஓடினார். உள்ளே நுழைந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லிட்டிருந்தது.

சற்று நேரத்தில் ஹெலிகாப்டரின் இரைச்சல் கூடாரத்துக்கு மேலேயே வந்தது. துணிச்சுவர்கள் படபடத்தன.

"இவ்வளவு நேரம் எங்கண்ணே போயிருந்தீங்க?" என்றான் குருஸ்.

"ரொம்பத் தூரம் போயிட்டேன் மக்கா."