முள்ளம்பன்றி வைத்த சால்னா

மைனா சொன்னது பொய் என்றுதான் முள்ளம்பன்றி பல வருடம் நினைத்திருந்தது. முழுப் பொய் இல்லாவிட்டாலும் பாதிப் பொய். எதையோ சொல்லாமல் விட்டுவிட்டது என்ற எண்ணம், உள்ளங்காலில் ஏறிய சிலாம்பு மாதிரி, நடக்கும்போதெல்லாம் அதற்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

விஷயம் ஒரு சால்னாவைப் பற்றியது.

காட்டாற்றின் வளைவில் பெரிய மருதமரம் ஒன்று உண்டு. அதன் அடியில் ஒரு கரடி சாப்பாட்டுக் கடை நடத்தி வந்தது. சுட்ட வள்ளிக்கிழங்கும் அதன் மேல் ஊற்றும் காளான் சால்னாவும்தான் அங்கே விசேஷம். சால்னா கொதிக்கிற மணம் ஆற்றைத் தாண்டி அடுத்த கரைக்கும் போகும். மான், முயல், கீரி, மந்தி எல்லாம் விழுந்து கிடந்த ஒரு நீண்ட மரத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிடும்.

முள்ளம்பன்றியும் அங்கே போய்க்கொண்டுதான் இருந்தது. அது வந்து உட்கார்ந்தால், இந்தப் பக்கம் இருப்பவரும் அந்தப் பக்கம் இருப்பவரும் கொஞ்சம் நகர்ந்துகொள்வார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் நகரவில்லை. ஒருமுறை யாரோ தும்மியபோது முள்ளம்பன்றி திடுக்கிட்டுச் சிலிர்த்ததில், பக்கத்தில் இருந்த மானின் விலாவில் முள் ஏறிவிட்டது. மான் அதை அன்றைக்கே மறந்துவிட்டது. முள்ளம்பன்றியால்தான் மறக்க முடியவில்லை. அதன் பிறகு இலைக்கு இரண்டு பக்கமும் கிடந்த அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டேதான் அது சாப்பிட்டது.

'இதையே வளையில் செய்துகொண்டால் என்ன?' என்று ஒரு நாள் அதற்குத் தோன்றியது. 'யாருக்கும் தொந்தரவு இல்லை. யாரும் நகர வேண்டியதில்லை.'

அந்தக் காட்டில் அதன் வளையைத் தேடி வருவது ஒரே ஒரு மைனாதான். வளைவாசலுக்கு மேலே நீண்டிருந்த கிளையில் உட்கார்ந்துகொள்ளும். அங்கே முள் எட்டாது. கடை இருக்கும் மருதமரத்துப் பொந்தில்தான் அதற்குக் குடியிருப்பு. அதனால் கடைச் சங்கதி முழுக்க அதற்கு அத்துப்படி.

"தங்கச்சி, கரடி எப்படிச் சால்னா வைக்குதுன்னு பாத்துச் சொல்லேன்" என்றது முள்ளம்பன்றி.

"பாக்க வேற வேணுமா? தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்" என்று மைனா ஆரம்பித்தது. "எண்ணெய் காஞ்சதும் பட்டை, கிராம்பு, சோம்பு, அப்புறம் பாறையில சுரண்டின கல்பாசி. பொரிஞ்சதும் வெங்காயம். சிவக்கணும், கருகக் கூடாது. இஞ்சி பூண்டு போட்டு வதக்கி, தக்காளி குழைஞ்சதும் புதினாவும் மல்லித்தழையும் வகைக்கு ஒரு கை. காளான். அப்புறம் தேங்காய அரைச்சு ஊத்திச் சின்னத் தீயில விட்டுடணும். எண்ணெய் மேல மிதந்து வரும்போது இறக்கி, இன்னொரு கை புதினாவக் கிள்ளிப் போட்டுத் தேக்கிலையால மூடிடணும். அவ்வளவுதான் முள்ளண்ணே."

முள்ளம்பன்றி எல்லாவற்றையும் சேர்த்தது. ஈரப் பாறைகளில் அலைந்து கல்பாசி சுரண்டியது. ஓடைக்கரையில் புதினாவும் மல்லியும் பறித்தது. காலையில் அடுப்பு மூட்டிப் பொறுமையாக நின்று கிளறியது. எண்ணெய் மிதந்தது. புதினாவைக் கிள்ளிப் போட்டது. மூடியது. திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தது.

சுடுதண்ணீர் மாதிரி இருந்தது.

மணம் இல்லை. ருசி இல்லை. கடைச் சால்னாவின் நிழல்கூட அதில் இல்லை. பானையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சரிவில் கொட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டது.

அடுத்த முறை கல்பாசியைக் கூட்டிப் போட்டது. அதற்கு அடுத்த முறை ஓமவல்லி இலை சேர்த்தது. பிறகு துளசி, நாரத்தை இலை, காட்டில் மணக்கிற தழை எதுவெல்லாம் உண்டோ அதுவெல்லாம். ஒவ்வொரு முறையும் அதே சுடுதண்ணீர்தான். ஒவ்வொரு முறையும் அதே சரிவுதான்.

தனியாக இருப்பவர்களுக்கு யோசிக்க நேரம் அதிகம். முள்ளம்பன்றி யோசித்தது. 'மைனா எதையோ மறைத்துவிட்டது. கடையில் சிந்துவதையும் சிதறுவதையும் தின்று வாழ்கிற பறவை அது. கடை ரகசியத்தை முழுசாகச் சொல்லிவிடுமா?' அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் யோசித்தது. 'நான் சமைத்துத் தோற்பதைக் கடையில் சொல்லிச் சிரிப்பதற்குத்தான் இங்கே வருகிறதோ?'

ஒரு நாள் மைனா வந்து உட்கார்ந்ததும் கேட்டுவிட்டது.

"எதை மறைச்ச?"

"என்னத்த மறைச்சேன்?"

"சால்னாவுல. ஏதோ ஒண்ண நீ சொல்லல."

"பாத்தத அப்படியே சொன்னேன் முள்ளண்ணே."

"அப்ப உனக்குப் பாக்கத் தெரியல. இல்லன்னா வாய் கூசாமப் பொய் சொல்ற."

மைனா கிளையின் நுனிக்கு நகர்ந்துகொண்டது.

"முள்ளு உங்க முதுகுல மட்டும்தான் இருக்குன்னு நெனச்சுட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு அது பறந்து போனது. பிறகு வரவில்லை.

மழை வந்தது, வெயில் வந்தது, மறுபடி மழை வந்தது. முள்ளம்பன்றி கடைக்கும் போகவில்லை. சமைத்தது, கொட்டியது. சில நாள் மைனாவின் குரல் வளைக்கு மேலாகக் கடந்து போகும். அப்போதெல்லாம் அது கிளறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும். 'பொய் சொன்னவள்தானே? அவள் குரலுக்கு நான் எதற்குக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன்?' என்று தன்னையே கேட்டுக்கொள்ளும். அதற்குள் வெங்காயம் கருகிவிடும்.

வருடங்கள் இப்படியே போயின. கடைசியில் முள்ளம்பன்றி ஒரு முடிவுக்கு வந்தது. 'நேரில் போய்ப் பார்த்துவிடுவோம். மைனா மறைத்தது எது என்று கண்ணால் பார்த்துவிட்டால், இத்தனை வருடம் நான் நினைத்தது சரி என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டு நிற்க வேண்டியிராது.'

விடிந்ததும் புறப்பட்டுப் போய், கடைக்குப் பின்னால் விறகுக் குவியலின் மறைவில் பதுங்கிக்கொண்டது.

கரடி அடுப்பை மூட்டியது. எண்ணெய் காய்ந்தது. பட்டை, கிராம்பு, சோம்பு, கல்பாசி. முள்ளம்பன்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. வெங்காயம் சிவந்தது. இஞ்சி பூண்டு, தக்காளி, ஒரு கை புதினா, ஒரு கை மல்லித்தழை. காளான். தேங்காய் விழுது. சின்னத் தீ. மைனா சொன்னது ஒவ்வொன்றும் சொன்ன வரிசையிலேயே வந்தது. ஒவ்வொன்றும் ஒத்துப்போகப் போக, முள்ளம்பன்றியின் நெஞ்சு கனத்துக்கொண்டே போனது.

எண்ணெய் மிதந்தது. கரடி பானையை இறக்கிப் புதினாவைக் கிள்ளிப் போட்டது. மூடியது. அவ்வளவுதான். மைனா எதையும் விடவில்லை.

பிறகு கரடி முற்றத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தது. "புகையில நிக்காத ஆளு யாராவது இருக்கீங்களா?"

முற்றத்தில் ஒருவரும் இல்லை. கரடி சுற்றுமுற்றும் பார்த்தது. விறகுக்கு மேலே முள் நீட்டிக்கொண்டிருந்தது.

"அட, முள்ளண்ணனா? ஆளையே காணோமே இவ்வளவு நாளா. நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தாங்க, உப்புப் பாருங்க."

திருடனைப் போல வெளியே வந்த முள்ளம்பன்றியின் முன்னால் கரடி தேக்கிலையில் கொஞ்சம் சால்னாவை ஊற்றி நீட்டியது. முள்ளம்பன்றி நக்கிப் பார்த்தது. மணம் தலைக்கு ஏறியது. அதே பழைய சால்னா.

"உப்புச் சரி" என்றது மெதுவாக. "கல்பாசி கொஞ்சம் தூக்கலா இருக்கு. தேங்காப்பால் ஒரு கரண்டி சேக்கலாம்."

கரடி மறுபேச்சுப் பேசாமல் தேங்காய்ப்பாலை ஊற்றியது.

"உங்களுக்கு அது தெரியலையா?"

"எனக்கு எங்க தெரியும்?" கரடி சிரித்தது. "விடியல்லேருந்து இந்தப் புகைக்குள்ள நிக்கிறேன். மூக்கு மரத்துப் போய் எவ்வளவு நேரமாச்சு! இப்ப இதக் குடிச்சா எனக்குச் சுடுதண்ணி மாதிரிதான் இருக்கும். ஆக்கின ஆளே உப்புப் பாத்தா கடை உருப்படுமா? வெளியிலேருந்து வர்ற ஆளுதான் பாக்கணும். இங்க அப்படித்தான் வழக்கம்."

முள்ளம்பன்றியின் முட்கள் தாமாகவே படிந்தன.

"இதை மைனா எங்கிட்டச் சொல்லலையே."

"இதுல சொல்ல என்ன இருக்கு? கூப்பிடுறதும் சமையல்ல சேத்தியா? அவளுக்கு இது தெனம் கேக்கற சத்தம். பாதி நாள் இறங்கி வந்து உப்புப் பாக்கறதே அவதான். இன்னைக்கு எங்கயோ இரை தேடப் போயிட்டா." கரடி ஒரு இலையை எடுத்துத் துடைத்தது. "உக்காருங்க, சாப்பிட்டுட்டுப் போலாம்."

முள்ளம்பன்றி அந்த நீண்ட மரத்தைப் பார்த்தது. "இன்னொரு நாள் வர்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தது.

வளைக்குப் போய் அடுப்பு மூட்டியது. புதிதாக எந்தத் தழையையும் சேர்க்கவில்லை. மைனா சொன்னபடியே செய்தது. இறக்கி வைத்து ஒரு வாய் குடித்தது. அதே சுடுதண்ணீர். இந்த முறை அதைக் கொட்டவில்லை. தேக்கிலையால் மூடிவிட்டு வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

வெயில் சாயும் நேரத்தில் மைனாவின் குரல் கேட்டது.

"தங்கச்சி!"

பறவை ஒரு வட்டம் போட்டது. பழைய கிளைக்கு வராமல் எதிர்மரத்தில் போய் உட்கார்ந்தது.

"என்ன? இன்னைக்குச் சரிவுல ஒண்ணும் கொட்டலையா?" என்றது. "கீழ எலிக்கூட்டம் வாயத் தொறந்துட்டு உக்காந்திருக்கு."

"எலியா?"

"இத்தனை வருசமா நீங்க கொட்டினத அதுங்க ஒரு சொட்டு மிச்சம் வச்சதில்ல. இலையக்கூட நக்கிட்டுத்தான் போகும். உங்க புண்ணியத்துல ஒவ்வொண்ணும் பூசணிக்கா மாதிரி இருக்கு."

முள்ளம்பன்றி தலை குனிந்து நின்றது. "கடைக்குப் போயிருந்தேன். எல்லாத்தையும் பாத்தேன். நீ சொன்னது அத்தனையும் நெசம்."

"அத எங்கிட்டயே சொல்றீங்களா? எனக்குத் தெரியாதா? இதுக்குத்தான் கூப்பிட்டீங்களா?"

மைனா இறக்கையை விரித்து மடக்கியது. எந்த நொடியும் பறந்துவிடலாம்.

தன் அடுப்புப் புகையிலேயே நிற்பவருக்குத் தன் சமையலின் ருசி தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள இன்னொருவரை நம்பி உள்ளே அழைத்துத்தான் ஆக வேண்டும். இத்தனை வருடம் கழித்து இதைப் புரிந்துகொண்ட முள்ளம்பன்றி, முட்களை உடம்போடு ஒட்டப் படிய வைத்துக்கொண்டு, வாசலை விட்டு ஓரமாக விலகி நின்று கேட்டது:

"கொஞ்சம் இறங்கி வந்து உப்புப் பாத்துச் சொல்றியா, தங்கச்சி?"