படிப்பு வெளியே போகாத பள்ளிக்கூடம்

நரிமேட்டுப்புரத்தில் அரசுப் பள்ளிகளுக்கும் குறைவில்லை, அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் அறிவாளிகளுக்கும் குறைவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் குளக்கரைப் பள்ளி வருஷா வருஷம் முதலிடம். மேட்டுத்தெருப் பள்ளியும் விட்டுக்கொடுக்காமல் கடைசி இடத்தைக் காப்பாற்றி வந்தது.

கல்வி அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. "இந்த வருஷமும் கடைசின்னா பள்ளிக்கூடத்தையே மூடிடுவேன். குளக்கரையில என்ன நடக்குதுன்னு பாத்து, அதை அப்படியே செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேட்டுத்தெருத் தலைமையாசிரியர் அருளப்பனுக்குப் பயம் வந்துவிட்டது. பெற்றோர் குழுத் தலைவி செண்பகவல்லிக்கு அதைவிடப் பயம். பள்ளியை மூடினால் அவள் மகள் நெடுஞ்சாலையைத் தாண்டித்தான் வேறு பள்ளிக்குப் போகவேண்டும். குழு உறுப்பினர் மூக்கையாவையும் சேர்த்துக்கொண்டு, எல்லாருக்கும் லீவு என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளக்கரைக்குப் போனார்கள்.

கேட்டில் பெரிய பூட்டு. உள்ளே காவலாளி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு வெள்ளாடு சுவரொட்டியை மென்றுகொண்டிருந்தது.

"பூட்டு எதுக்கு சார்?" என்றார் மூக்கையா.

அருளப்பன் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "படிப்பு வெளிய போயிடக் கூடாதுல்ல. நாம கேட்டைத் திறந்து போட்டிருக்கோம். சொல்லிக்கொடுத்ததெல்லாம் சாயங்காலம் பிள்ளைங்களோட போயிடுது."

"அப்ப ஆடு?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"வாசல்ல நிக்குதுல்லம்மா. மேற்பார்வை."

காவலாளியை எழுப்பினால் குளக்கரையில் தேர்ச்சி குறைந்துவிடுமே என்ற நல்லெண்ணத்தில், கேட்காமலேயே ஆட்டை ஓட்டிவந்தார்கள். மறுநாள் மேட்டுத்தெருப் பள்ளிக்குப் பூட்டு விழுந்தது, வாசலில் ஆடு நின்றது. அங்கே தூக்கம் வராமல் அவதிப்பட்ட காவலாளிக்கு, தூங்காவிட்டால் சம்பளம் பிடிக்கப்படும் என்று எச்சரிக்கை போனது. பிள்ளைகள் கேட்டைப் பார்த்துவிட்டு சந்தோஷமாக வீட்டுக்குத் திரும்பினார்கள்.

தேர்வு முடிவு வந்தது. மேட்டுத்தெருவில் யாரும் பரீட்சை எழுதவில்லை, ஆகவே ஒருவர்கூட ஃபெயில் ஆகவில்லை. குளக்கரையில் மூன்று பேர் ஃபெயில். அதிகாரி இரண்டையும் ஒப்பிட்டு, மேட்டுத்தெருவுக்கு முதலிடம் கொடுத்தார். செண்பகவல்லி ஆனந்தத்தில் அழுதேவிட்டாள். மகள் இனி நெடுஞ்சாலையைத் தாண்ட வேண்டாம், வீட்டுவாசலைக்கூடத் தாண்ட வேண்டாம்.

வெற்றியின் ரகசியத்தைப் பார்த்துப்போக வந்த குளக்கரைத் தலைமையாசிரியை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது எங்க ஆடு. இது போனதுலேர்ந்துதான் எங்க பிள்ளைங்க ஃபெயில் ஆகுது."

விவகாரம் அதிகாரியிடம் போனது. நியாயமான மனிதர். பாதி வாரம் அங்கே, பாதி வாரம் இங்கே என்று ஆட்டை மாற்றுப்பணியில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கு லீவு. மேற்பார்வை இல்லாமல் மேட்டுத்தெருப் பள்ளி சும்மா கிடக்கக் கூடாதென்று, அன்றைக்கு மட்டும் பிள்ளைகளை உள்ளே விடுகிறார்கள்.