எடைக்கு எடை ஒரு ஹாக்கி அணி

முள்ளிச்செவல் ஹாக்கி கிளப் என்று பேச்செடுத்தாலே கோவில்பட்டி வட்டாரத்தில் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த கிளப்பின் நிர்வாகக் குழுவை எனக்கு நன்றாகத் தெரியும். தலைவர் கொண்டல்சாமி, உபதலைவர் அய்யலுசாமி, செயலாளர் பெத்துராஜ், பொருளாளர் சவரிமுத்து. நாலு பேரும் தங்கமானவர்கள். சொன்ன சொல்லை ஓர் எழுத்துப் பிசகாமல் செய்வார்கள். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

சம்பளம் கொடுத்து ஆட்களை ஆட வைக்கிற லீக் அது. அணிகள் எட்டு, நாங்கள் எட்டாவது. போன வருஷம் கடைசி ஆட்டத்துக்கு முன்னால் கிளப் முதலாளி செண்பகவல்லி அம்மா, "இதையாவது கோட்டை விட்டுறாதீக" என்று சொல்லி அனுப்பினார். குழு உடனே கூடியது.

"எந்தக் கோட்டைன்னு அம்மா சொல்லலையே அண்ணாச்சி," என்றார் பெத்துராஜ். "மைதானத்துல ஏகப்பட்ட கோடு கெடக்கு."

"ஆளுக்கு ஒரு கோட்டைப் பிடிச்சுக்கிடச் சொல்லும்," என்றார் கொண்டல்சாமி.

பதினொரு பேரும் ஆளுக்கொரு கோட்டின் மேல் ஏறி நின்றார்கள். விசில் ஊதி முடிகிற வரை ஒருவரும் கோட்டை விட்டு இறங்கவில்லை. எதிரணிக்காரர்கள் முதல் ஐந்து கோலைச் சந்தோஷமாகவும் அடுத்ததெல்லாம் சங்கடத்தோடும் போட்டார்கள். அன்று சாயங்காலம் பெத்துராஜ் போன் செய்து, "கோட்டை விடலம்மா" என்று பெருமையாகச் சொன்னார்.

அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆலை இருக்கிறது. இந்த வருஷம் குழுவைக் கூப்பிட்டுப் பட்டென்று சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை கடைசியா வந்தீகன்னா கிளப்பை மூடிருவேன். மைதானத்துல தீக்குச்சி காயப் போட்டுருவேன்."

ஊர்ப் பிள்ளைகள் மட்டை பிடிக்க அந்த ஒரு மைதானம்தான் இருக்கிறது. அதுவும் போனால் அவர்கள் தெருவில்தான் ஆட வேண்டும். தெருவில் என் வீட்டு ஜன்னல் இருக்கிறது.

அம்மாவே வழியும் சொன்னார். "குருவிநத்தம் அணியில மலையரசன்னு ஒருத்தன் இருக்காம்லா, பெனால்டி கார்னர் அடிச்சா வலை கிழியும்னு சொல்லுதாக. நம்ம ஆளைக் குடுத்து அவனை ஆள் மாத்துல கேளுங்க. ஆனா பெரிய மாத்து, ஆபத்தும் பெருசு. நாலும் யோசிச்சுச் செய்ங்க. ஆளை நல்லா எடை போட்டுப் பாருங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுறாதீக." சொல்லிவிட்டு அம்மா சரக்கு விஷயமாக வடக்கே போய்விட்டார்.

குழு நாலும் யோசிக்க உட்கார்ந்தது. ஆளுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டார்கள். மலையரசன் நன்றாக ஆடுவானா என்று கொண்டல்சாமி யோசித்தார். நம்மோடு ஒத்துப்போவானா என்று சவரிமுத்து யோசித்தார். அவன் காலுக்கு நம்மிடம் பூட்ஸ் இருக்கிறதா என்று பெத்துராஜ் யோசித்தார். அய்யலுசாமிக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

"மூணுதான் ஆச்சு," என்றார் சவரிமுத்து கவலையாக. "நாலும்னு சொல்லியிருக்காக."

"நாலாவது என்னவா இருக்கும்னுதான் காலையில இருந்து யோசிக்கேன்," என்றார் அய்யலுசாமி பாவமாக.

"அப்போ அதான்வே நாலாவது," என்றார் கொண்டல்சாமி. பெரிய பாரம் இறங்கியது. டீ சொன்னார்கள்.

அடுத்தது எடை. பஞ்சுக் கிட்டங்கியில் பொதி நிறுக்கிற பழைய இரட்டைத் தட்டுத் தராசு ஒன்று இரும்பு உத்திரத்தில் தொங்குகிறது. குருவிநத்தம் செயலாளர் நவநீதன், மலையரசனையும் மற்ற ஆட்டக்காரர்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு அங்கே வந்தார். நவநீதன் கெட்டிக்காரர் என்று பெயர். ஆனால் முட்டாள்தனம் மெட்ராஸ் ஐ மாதிரி, பக்கத்தில் நின்றாலே ஒட்டிக்கொள்ளும்.

மலையரசன் ஒரு தட்டில் உட்கார்ந்தான். மறு தட்டில் எங்கள் சுடலையை உட்கார வைத்தார்கள். எங்கள் அணிக்காகப் போன வருஷம் கோல் போட்ட ஒரே ஆள் அவன்தான். காற்றடித்தால் மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். உட்கார்ந்த வேகத்தில் உத்திரத்துக்குப் போய்விட்டான்.

"பாத்தீரா ஆபத்தை? நம்ம பக்கம் லேசா இருக்கு," என்றார் பெத்துராஜ்.

கோல் கீப்பரையும் ஏற்றினார்கள். இப்போது எங்கள் தட்டு தரையில் இடித்தது. "இது எங்களுக்கு நஷ்டம்லா," என்றார் சவரிமுத்து. நவநீதன் ஒரு நிமிஷம் யோசித்தார். "நியாயம்தான்" என்று சொல்லி இன்னொரு ஆளை ஏற்றினார். எனக்குத் தெரிந்து அவரை அது தொற்றிக்கொண்டது அந்த நிமிஷத்தில்தான்.

அதற்கப்புறம் அவர்கள் ஓர் ஆள், நாங்கள் ஓர் ஆள் என்று ஏறிக்கொண்டே போனார்கள். வெயில் சாய்வதற்குள் இரண்டு அணியும் முழுசாகத் தராசில் இருந்தது. உத்திரம் முனகியது. குருவிநத்தம் பையன்களுக்குத் தினமும் கறிச்சோறு. எங்கள் பையன்களுக்குத் தயிர்சோறு. எங்கள் தட்டு அப்போதும் மேலேதான் நின்றது.

"ஏத்துறதுக்கு ஆள் இல்லையே அண்ணாச்சி," என்றார் அய்யலுசாமி.

கொண்டல்சாமி வேட்டியை மடித்துக் கட்டினார். "கிளப்புக்கு ஒரு கஷ்டம்னா நாம ஏறாம யாருவே ஏறுவா?"

நாலு பேரும் ஏறினார்கள். முள் மெல்ல மெல்ல அசைந்து நடுவில் வந்து நின்றது. கிட்டங்கியில் இருந்த எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன், மறைப்பானேன்.

நவநீதன் அங்கேயே ஒப்பந்தம் எழுதினார்: முள்ளிச்செவல் தட்டில் இருப்பதெல்லாம் குருவிநத்தத்துக்கு, குருவிநத்தம் தட்டில் இருப்பதெல்லாம் முள்ளிச்செவலுக்கு. படித்துப் பார்க்கலாம் என்றால் குழுவுக்கு முடியவில்லை. கண்ணை மூடாமல் கையெழுத்துப் போட வேண்டுமே என்று, ஆளாளுக்கு இமையை இரண்டு விரலால் விரித்துப் பிடித்திருந்தார்கள். கண்ணில் இருந்து தாரை தாரையாக ஊற்றியது. ஒப்பந்தம் தெரியாவிட்டாலும் கண் திறந்திருந்தது. போட்டுவிட்டார்கள்.

இறங்கிய பிறகுதான் நவநீதன் வாசித்துக் காட்டினார்.

"எழுத்துன்னா எழுத்துதான்," என்றார் கொண்டல்சாமி. நாலு பேரும் எங்கள் பழைய அணியோடு குருவிநத்தம் வேனில் ஏறிப் போனார்கள். சவரிமுத்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது எனக்கு இன்னும் மனசில் நிற்கிறது.

அந்த வருஷம் முள்ளிச்செவல் எல்லா அணியையும் வரிசையாகச் சாய்த்தது. கடைசி ஆட்டம் குருவிநத்தத்தோடு. ஆட்டத்துக்கு முன், அங்கேயும் நிர்வாகக் குழுவாகிவிட்ட நாலு பேரும் தங்கள் அணியைக் கூட்டி வைத்து, "கோட்டை விட்டுறாதீக" என்றார்கள். பையன்களுக்குப் பழக்கம்தான், ஆளுக்கொரு கோட்டைத் தேடிப் போனார்கள். மலையரசன் வலையைக் கிழித்தே விட்டான். நாங்கள் முதல் இடம், அவர்கள் கடைசி. ஊர் திரும்பிய செண்பகவல்லி அம்மா, "மைதானம் பிள்ளைகளுக்கே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

குருவிநத்தத்தில் நாலு பேரும் நிலைமையை அலசினார்கள்.

"முள்ளிச்செவல் ஜெயிச்சது ஆட்டத்தால இல்லவே," என்றார் கொண்டல்சாமி. "அந்த ஆள் மாத்தாலதான். அதைச் செஞ்சவுக பெரிய மூளைக்காரவுக. அவுகளை நம்ம பக்கம் இழுத்துட்டோம்னா முடிஞ்சுது சோலி."

மறுநாளே அம்மாவைப் பார்க்க வந்தார்கள். அந்த மூளைக்காரர்களைத் தர முடியுமா, என்ன கேட்டாலும் கொடுக்கிறோம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அம்மா சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். "ஒண்ணும் வேண்டாம். அந்த நாலு பேரும் இனிமே உங்க ஊருக்குத்தான். நீங்களே வச்சுக்கிடுங்க."

கேட்டதும் கொடுத்துவிட்டார்களே என்று பூரித்துப்போய்த் திரும்பினார்கள். மறுநாள் காலையில் நாலு ரோஜா மாலையோடு குருவிநத்தம் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றார்கள். ஒவ்வொரு பஸ்ஸாக வந்தது, போனது. நாலு பேராக யாரும் இறங்கவில்லை. ரோஜா வெயிலில் வாடிவிடக் கூடாதே என்று ஆளுக்கொன்றாகக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"பெரிய மனுசங்க அண்ணாச்சி. நாம போய்க் கூப்பிட்டாத்தான் மரியாதை," என்றார் பெத்துராஜ்.

சரிதான் என்று அடுத்து வந்த பஸ்ஸில் மாலையும் கழுத்துமாக ஏறினார்கள். கண்டக்டர் எத்தனை டிக்கெட் என்று கேட்டார். கொண்டல்சாமி பையில் கை விட்டுக்கொண்டே சொன்னார்:

"முள்ளிச்செவலுக்குப் போறதுக்கு நாலு. திரும்பி வாறதுக்கு எட்டு."