வானத்துக்குச் சொந்தக்காரர்

பீடி சுற்றும் பேச்சிக்கனி, கேபிளுக்குச் சந்தா கட்டாமல் டி.வி. பார்க்கத் தன் வீட்டுக் கூரைமேல் டிஷ் மாட்டினாள். தானே ஏறி, திருப்பித் திருப்பி சிக்னலையும் பிடித்துவிட்டாள்.

கேபிள்காரர் தங்கப்பழம் நாலு ஆட்களோடு வந்து நின்றார். தெருவே கூடிவிட்டது.

"யாரைக் கேட்டுடி வச்ச? இந்தத் தெருவும் என்னோடது, மேல இருக்க வானமும் என்னோடது. ஏலே, அதைக் கழட்டுங்கலே!"

"வானம் உங்களுதா அண்ணாச்சி?"

"ஆமா!"

"நல்லதாப் போச்சு. நேத்து உங்க வானத்துல பெஞ்ச மழை, தெரு முழுக்கத் தேங்கி நிக்குது. ஆட்களோடதான வந்திருக்கீக, இறைச்சு விட்டுட்டுப் போங்க."

பெண்கள் ஓடிப்போய் வாளிகளைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

தங்கப்பழம் பதறினார். "மழைக்கு நான் என்ன பண்ணுவேன்? வானம் எனக்கா சொந்தம்?"

"அப்ப டிஷ் அங்கயே இருக்கட்டும், அண்ணாச்சி."

அவருடைய ஆட்களே சிரித்துவிட்டார்கள். வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, தண்ணீருக்குள் தப்தப்பென்று நடந்து போனார் தங்கப்பழம்.